முன்னால் நின்று பாட ஆள் இல்லாத குழு: பிஎஃப்எம்மின் முதல் பத்தாண்டு

1973-இல் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 180-ஆவது இடத்துக்கு ஓர் இத்தாலிய ராக் குழுவின் ஆல்பம் வந்தது. 180 எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அதற்கு முன்னால் எந்த இத்தாலிய ராக் குழுவும் அந்தப் பட்டியலுக்குள் நுழைந்ததே கிடையாது. குழுவின் பெயர் பிரெமியாதா ஃபோர்னெரியா மார்கோனி, சுருக்கமாக பிஎஃப்எம். ப்ரோக்ரெசிவ் ராக், அதாவது நீளமான, சிக்கலான ராக் இசை கேட்கிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அரை மணி நேரம் பேசுவார்கள். மற்றவர்களுக்கு ஏதோ ரொட்டிக் கம்பெனி பெயர் மாதிரி இருக்கும், அது முழுத் தவறும் இல்லை, பின்னால் வருகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. மிலானில் ஐந்து திறமைசாலிகள் சேர்ந்தார்கள், அடுத்தடுத்து இரண்டு பிரமாதமான ஆல்பம் போட்டார்கள், இங்கிலாந்தின் எமர்சன் லேக் அண்ட் பால்மர் குழுவின் க்ரெக் லேக் காதில் விழுந்தது, லண்டன், அமெரிக்கா, புகழ். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இப்படிச் சொன்னால் இரண்டு விஷயங்கள் விளங்காமலே போகின்றன. 1972-இல் வந்த முதல் ஆல்பமே எப்படி அவ்வளவு பக்குவமாக இருந்தது என்பது ஒன்று. அமெரிக்கா வரைக்கும் போய்விட்ட குழு ஏன் பட்டியலின் அடிமட்டத்திலேயே நின்றுவிட்டது என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இவர்கள் ஸ்டூடியோவில் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்து வளர்ந்தவர்கள். அந்த வாசிப்பு அங்கிருந்துதான் வந்தது, முன்னால் நின்று பாட ஓர் ஆள் இல்லாத குறையும் அங்கிருந்தேதான் வந்தது.

அடுத்தவர் பாட்டுக்கு வாசித்த காலம்

1960-களின் நடுவில் பீட்டில்ஸ் காய்ச்சல் இத்தாலியைப் பிடித்திருந்த நேரம். மிலானில் எங்கே பார்த்தாலும் குழுக்கள். 'பீட்' குழுக்கள் என்று அவற்றுக்குப் பெயர். பலருடைய தொழில் ரொம்ப எளிது: இங்கிலாந்திலோ பிரான்சிலோ ஓடுகிற பாட்டை எடுப்பது, மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு இத்தாலிய வரிகள் போடுவது, சூடு ஆறும் முன் சிங்கிளாக இறக்கிவிடுவது. இ க்வெல்லி என்ற குழுவும் அந்த ரகம்தான். டிரம்ஸில் ஃப்ரான்ஸ் டி சோச்சோ, கிடாரில் ஃப்ராங்கோ முஸ்ஸீதா, கீபோர்டில் ஃப்ளாவியோ ப்ரேமொலி, பேஸ் கிடாரில் ஜார்ஜோ பியாட்சா என்று ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே மிஷேல் போல்னாரெஃப் பாடிய ஒரு பிரெஞ்சுப் பாட்டின் இத்தாலிய வடிவம்தான்.

பாடகர் இடம் அப்போதே நிலையாக இல்லை என்பதைக் கவனியுங்கள். கொஞ்ச காலம் தேயோ தேயோகோலி பாடினார். பிற்பாடு தொலைக்காட்சியில் நகைச்சுவை செய்து நாடு முழுக்கப் பெயர் வாங்கிய அதே தேயோகோலிதான். அவர் போனார், மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டார்கள். கிடார் இடமும் ஒருமுறை காலியானது, முஸ்ஸீதா கட்டாய ராணுவப் பணிக்காகக் கடற்படைக்குப் போனபோது. அந்த இடைவெளியில் வாசித்தவர் ஆல்பெர்தோ ராதியுஸ். பிறகு அவர் ஃபார்முலா 3 என்ற குழுவுக்குப் போய் அங்கே பெரிய ஆளானார். வாசிக்கிற இடம் காலியானால் உடனே தரமான ஆள் கிடைத்துவிடும், பாடுகிற இடத்துக்கு மட்டும் யாரும் அவசரப்படவில்லை.

ஏனென்றால் அவர்களுடைய சோற்றுக்கு வழி வேறு இடத்தில் இருந்தது. இ க்வெல்லியின் சொந்தத் தட்டுகளை இன்றைக்கு யாரும் தேடிப் போய்க் கேட்பதில்லை. ஆனால் அதே ஆட்கள் வெறும் பக்கவாத்தியக்காரர்களாக வாசித்த தட்டுகள் இன்றும் இத்தாலிய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மீனா, அத்ரியானோ செலெந்தானோ, லூச்சோ பத்தீஸ்தி என்று அந்தக் காலத்தின் பெரிய பெயர்களுக்கெல்லாம் மிலான் ஸ்டூடியோக்களில் இவர்கள் வாசித்திருக்கிறார்கள். 1970-இல் பாடகர் ஃபாப்ரித்சியோ டெ அந்த்ரே வெளியிட்ட 'லா புவோனா நொவெல்லா', அதாவது திருச்சபை ஏற்றுக்கொள்ளாத பழைய சுவிசேஷங்களை வைத்து மரியாளின் கதையைச் சொல்லும் ஆல்பம், அதில் வாசித்தவர்கள் இ க்வெல்லிதான். 1971-இல் வந்த பத்தீஸ்தியின் 'அமோரே எ நொன் அமோரே' ஆல்பத்தில் நான்கு பாட்டுக்கு நான்கு வாத்திய இசைத் துண்டுகள், இவர்கள் கைவண்ணம் அதிலும் உண்டு. பாதி ஆல்பம் வார்த்தையே இல்லாமல்! ஒரு நட்சத்திரப் பாடகர் தன் தட்டில் பாதியை வாத்தியங்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்றால் வாசித்தவர்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

ஸ்டூடியோ வேலை ஒரு மனிதனுக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரு காதல் பாட்டு, மதியம் ஒரு நாட்டுப்புற மெட்டு, மாலையில் வயலின்களும் எக்காளங்களும் சேர்ந்த ஏதோ ஒன்று. நேரம் என்பது அங்கே பணம், ஆகவே தப்பு செய்யாமல் சீக்கிரம் முடிக்க வேண்டும். எந்த இடத்தில் வாசிக்கக் கூடாது என்பது தெரிய வேண்டும், ஏனென்றால் பாடகர் குரலுக்கு மேலே கிடார் போனால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். ஆறேழு வருடம் இப்படி வாழ்ந்தால் எந்த நடையும் கைக்கு வரும், அடக்கமும் வரும். வராத ஒன்றும் இருக்கிறது: இது நான், இது என் குரல் என்று ஜனங்கள் முன்னால் நிற்கிற பழக்கம். அந்த வேலையை இவர்களுக்காக எப்போதும் வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது ஆளும் ரொட்டிக் கடையும்

1970-இல் கியாரியைச் சேர்ந்த மௌரோ பகானி வந்து சேர்ந்தார். பிரேஷா நகருக்குப் பக்கத்து ஊர் அது. வயலினும் புல்லாங்குழலும் இரண்டும் வாசிப்பார். இவர் வரவுக்கு முன் இவர்கள் நல்ல பாப் வாசிப்பாளர்கள், வந்த பிறகு இது வேறு குழு. இங்கிலாந்திலிருந்து கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. மூன்று நிமிடப் பாட்டு என்ற சட்டத்தை அவை உடைத்துக்கொண்டிருந்தன. புல்லாங்குழலும் வயலினும் கையில் இருக்கிற ஒரு குழுவுக்கு அந்தக் கதவு தானாகத் திறந்தது.

முதலில் க்ரெல் என்ற பெயரில் ஒரு சிங்கிள் போட்டார்கள், அது காற்றோடு போயிற்று. அப்புறம் புதுப் பெயர் தேடினார்கள். பரிசீலனையில் இருந்த ஒன்று ஈசொத்தா ஃப்ராஸ்கீனி, அது ஒரு பழைய சொகுசுக் கார் கம்பெனி. இன்னொன்று ஃபோர்னெரியா மார்கோனி, கியாரியில் இருந்த ரொட்டிக் கடையின் பெயர். ரொட்டிக் கடை ஜெயித்தது. கடைப் பலகைகளில் 'பரிசு பெற்ற' என்று போடுவார்களே, அந்த பிரெமியாதாவையும் முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். இவ்வளவு நீளமான பெயர் யார் வாயில் நுழையும் என்ற எதிர்ப்பு இருந்தது, நினைவில் வைப்பது கஷ்டமென்றால் மறப்பதும் கஷ்டம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். வெளிநாடு போனபோது கடைசியில் மூன்று எழுத்தாகத்தான் சுருங்கியது.

தட்டு வெளியிட ஒப்புக்கொண்டது நூமெரோ ஊனோ. 1969-இல் பத்தீஸ்தியும் அவருடைய பாடலாசிரியர் மோகோலும் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனி. இதுவும் ஸ்டூடியோ உறவில் கிடைத்ததுதான், வாசித்துக் கொடுத்த வீட்டிலேயே இடம் கிடைத்தது. புதிதாக வந்த குழு எதுவும் கதவைத் தட்டி உள்ளே போவதும் இவர்கள் போனதும் ஒன்றில்லை.

1971 முழுக்க மேடை. ப்ரோக்கல் ஹாரம், யெஸ், டீப் பர்ப்பிள் போன்ற ஆங்கிலக் குழுக்கள் இத்தாலிக்கு வந்தபோது அவர்களுக்கு முன்னால் வாசிக்கிற குழுவாக இவர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்து மேடைப் பதிவுகள் பின்னாளில் தொகுப்பாக வந்தன. அதில் கிங் கிரிம்சனின் '21-ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்' இருக்கிறது, ஜெத்ரோ டல் பாட்டுகளும் இருக்கின்றன. கேட்டால் ஒன்று புரியும்: வாத்தியப் பகுதிகள் அசலுக்குச் சவால் விடுகின்றன, குரல் வரும்போது மட்டும் ஓர் இறக்கம். அந்த வருடம் வியாரெஜ்ஜோவில் நடந்த புதுப்போக்கு இசைவிழாவில் பாடகி மியா மார்த்தினியோடும் நேப்பிள்ஸைச் சேர்ந்த ஒசான்னா குழுவோடும் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த நேரத்து இத்தாலியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971 ஜூலை 5 அன்று மிலானின் விகொரெல்லி மைதானத்தில் லெட் செப்பலின் கச்சேரி. அதுவும் கான்தாஜீரோ என்ற ஜனரஞ்சகப் பாட்டுத் திருவிழாவின் ஓர் அங்கமாக. போலீஸ், கண்ணீர்ப்புகை, கூட்டம் மேடையேறி ஓட, கச்சேரி பாதியில் நின்றது. ஒரு பக்கம் இந்தக் கலவரம், இன்னொரு பக்கம் சொந்த நாட்டிலேயே ஓடாத ஆங்கிலக் குழுக்களுக்கு இங்கே ராஜ வரவேற்பு. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் 'பான் ஹார்ட்ஸ்' இத்தாலியில் முதலிடத்துக்குப் போனது, ஜெனிசிஸ் இங்கிலாந்தில் பிரபலமாகும் முன்பே இங்கே பிரபலம். நீளமான, சிக்கலான இசைக்குக் காது கொடுக்க ஒரு தலைமுறையே தயாராக இருந்தது. ஆக, நேரமும் இவர்களுக்குக் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வார்த்தை இல்லாத பல்லவி

1971 இறுதியில் வந்த முதல் சிங்கிள் 'இம்ப்ரெஸ்ஸியோனி தி செத்தெம்ப்ரே'. இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பாட்டுதான் கேட்பேன் என்று யாராவது அடம்பிடித்தால் இதைத்தான் கொடுப்பேன். மெட்டு முஸ்ஸீதாவுடையது, வரிகளில் மோகோலும் பகானியும். அதிகாலைப் பனிமூட்டத்தில் ஒருவன் வயல்வெளியில் நடக்கிறான், ஈரப் புல், மண் வாசனை, தான் யார் என்ற கேள்வி, அவ்வளவுதான். முஸ்ஸீதா ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தொடங்குகிறார், கீழே மெல்லிய கிடார். கொஞ்சம் கொஞ்சமாக மெட்டு மேலே ஏறுகிறது, டிரம்ஸ் சேர்கிறது, சரி இப்போது பல்லவி வெடிக்கப் போகிறது, பாடகர் முழுத் தொண்டையில் பாடப் போகிறார் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. அதன் இடத்தில் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் வந்து பல்லவியை வாசிக்கிறது.

மூக் அப்போது இத்தாலிக்குப் புதுசு. அது ஒலித்த முதல் இத்தாலியப் பதிவுகளில் இது ஒன்று. அந்த வாத்தியத்துக்கு ஒரு குணம் உண்டு, ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், ஆர்கன் மாதிரி இரண்டு கையிலும் சுரங்களை அடுக்க முடியாது. அதாவது அது ஒரு தொண்டை மாதிரி வேலை செய்யும். ஒரு பாடகர் பாட வேண்டிய ஒற்றைக்கோட்டு மெட்டை அதனிடம் கொடுத்தால் அது பாடும். சான்ரேமோ என்ற இத்தாலியப் பாட்டுப் போட்டியில் வருகிற வகைப் பாட்டுகளில் பல்லவிதான் பாடகரின் சொத்து, கைதட்டு அங்கேதான் விழும். அந்த இடத்தை ஒரு கருவிக்குக் கொடுத்தது துணிச்சலா என்றால், துணிச்சல்தான், ஆனால் அதைவிட அது தன் பலவீனத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் செய்த காரியம். நம்மிடம் அந்த உச்சியைத் தொடுகிற பாடகர் இல்லை, ஆகவே உச்சியில் பாடகரே வேண்டாம். குறையை மறைத்த மாதிரியும் தெரியாது, கேட்கிறவனுக்குப் புல்லரிக்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பாட்டு உயிரோடு இருக்கிறது. 2012 சான்ரேமோ மேடையில் மார்லேனே குன்ட்ஸ் குழுவோடு அமெரிக்காவின் பேட்டி ஸ்மித் அதைப் பாடினார்.

1972 தொடக்கத்தில் வந்த 'ஸ்டோரியா தி உன் மினூதோ' ஆல்பம் முழுக்க இதே தந்திரம் வெவ்வேறு உருவத்தில் இருக்கிறது. 'எ ஃபெஸ்தா' தென்னித்தாலிய நாட்டுப்புற ஆட்டத்தின் ஓட்டத்தில் போகிறது, சில வரிகள் மட்டும் எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள், மிச்சமெல்லாம் கீபோர்டின் குதியாட்டம். கும்பலாகக் கத்துவதற்குப் பெரிய பாடகர் தேவையில்லை. 'தோவே... க்வாந்தோ' இரண்டு பாகம், முதல் பாகம் தாலாட்டு மாதிரி மெல்லிய குரல், இரண்டாம் பாகத்தில் குரலையே விட்டுவிட்டு ஆர்கனும் வயலினும் புல்லாங்குழலும் தங்கள் பாட்டுக்குப் போகின்றன. மொத்தத்தில் குரல் எங்கே வர வேண்டும், எங்கே போய்விட வேண்டும் என்பது அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்கிறது. ஸ்டூடியோவில் பழகிய அடக்கம் அது.

அதே ஆண்டின் கடைசியில் 'பெர் உன் அமீகோ'. ஐந்தே பாட்டுகள். என் கணக்கில் இவர்களுடைய ஆகச் சிறந்த ஆல்பம் இதுதான், இதில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். ஒலி இன்னும் தெளிவு, கட்டமைப்பு இன்னும் சிக்கல், ஆனால் எங்கேயும் வித்தை காட்டுகிற வாடை இல்லை. 'இல் பங்கெத்தோ' என்ற பாட்டு மட்டும் ஒரு வார்த்தை: ராஜாவின் விருந்து நடக்கிறது, கவிஞனும் கொலைகாரனும் திருத்தந்தையும் ராஜாவின் விசுவாசமான நண்பர்களாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஜனங்களை மட்டும் காணோம். 1972-இன் இத்தாலியில் இதைக் கேட்ட இளைஞனுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

லண்டன்

1972 முடிவில் க்ரெக் லேக் இவர்கள் இசையைக் கேட்டு லண்டனுக்கு வரச் சொன்னார். எமர்சன் லேக் அண்ட் பால்மர் அப்போது மான்டிகோர் என்று சொந்தக் கம்பெனி தொடங்கிக்கொண்டிருந்தார்கள். ஆங்கில வரிகள் எழுத பீட் சின்ஃபீல்ட் வந்தார். இவர் யார் என்றால், கிங் கிரிம்சனின் முதல் நான்கு ஆல்பங்களுக்கு வரிகள் எழுதியவர். இரண்டு வருடத்துக்கு முன் மேடையில் எந்தப் பாட்டை நகலெடுத்தார்களோ அதன் வரிகளை எழுதிய ஆளே இவர்களுக்கு எழுதுகிறார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

1973-இல் வந்த 'ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்' முழுக்கப் புது ஆல்பம் கிடையாது. 'பெர் உன் அமீகோ'வின் ஐந்து பாட்டுகளும் இதில் இருக்கின்றன, முதல் ஆல்பத்திலிருந்து 'எ ஃபெஸ்தா' மட்டும் 'செலிப்ரேஷன்' என்ற பெயரில் வந்தது, 'ஓல்ட் ரெயின்' என்ற வாத்திய இசைத் துண்டு ஒன்று புதிது. சின்ஃபீல்ட் இத்தாலிய வரிகளை மொழிபெயர்க்கவில்லை, மெட்டைக் கேட்டுவிட்டுத் தன் போக்கில் எழுதினார். 'இல் பங்கெத்தோ'வை மட்டும் இத்தாலிய மொழியிலேயே விட்டார்கள்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்று காட்ட ஒரு பாட்டு போதும். 'ஜெனெராலே!' என்று இத்தாலியில் வந்தது முழுக்க வாத்திய இசை. ராணுவ அணிவகுப்பைக் கிண்டல் செய்கிற தாளம், டி சோச்சோவின் சிறு முரசு முன்னால் ஓட மற்றவர்கள் பின்னால் தடுக்கி விழுந்து எழுந்து ஓடுகிற மாதிரி ஒரு வேகம். ஒரு வார்த்தை கிடையாது, தலைப்பும் அந்த ஆச்சரியக்குறியும் போதுமாக இருந்தன. ஆங்கில ஆல்பத்தில் அதே துண்டு 'மிஸ்டர் 9 டில் 5' ஆகிவிட்டது, ஆபீஸுக்குப் போகிற ஓர் ஆளைப் பற்றிய வரிகளோடு. தளபதி குமாஸ்தாவானார் என்பது கூடப் போகட்டும். குரலே இல்லாமல் நிமிர்ந்து நின்ற இசைக்குக் குரல் ஒட்டினார்கள், அதுவும் குழுவின் மிக பலவீனமான உறுப்பை எடுத்து ஒட்டினார்கள், அதுவும் அவர்களுக்குப் பழக்கமில்லாத மொழியில். மிலானில் மூன்று வருடமாகக் குரலைக் குறைத்துக் குறைத்துச் செய்த வேலையை லண்டன் நேர்மாறாகச் செய்தது. அமெரிக்க வானொலிக்குப் பாட்டு வேண்டும், பாட்டுக்கு வரி வேண்டும் என்பது வியாபாரக் கணக்கு, அது புரிகிறது. 'செலிப்ரேஷன்' அங்கே வானொலியில் கொஞ்சம் ஓடவும் செய்தது. கவனித்தால், அது கூட்டமாகக் கத்துகிற பாட்டு. உச்சரிப்பு அங்கே யாருக்கும் உறுத்தாது.

சின்ஃபீல்டைக் குற்றம் சொல்கிற கட்சியில் நான் இல்லை. அவருடைய வரிகள் தனியாகப் படித்தால் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவை ஆங்கிலத்தில் பிறந்த நாக்குக்கு எழுதப்பட்ட வரிகள், சொல்லுக்குச் சொல் மெய்யெழுத்துகள் மோதுகிற வகை. ஓர் இத்தாலிய மெட்டு உயிரெழுத்தில் போய் முடியவே கட்டப்பட்டிருக்கும், கடைசி ஒலியை நீட்டிப் பாட வசதியாக. அங்கே ஆங்கிலச் சொல் வந்து சட்டென்று மூடிக்கொண்டால் மெட்டு மூச்சு முட்டும். ப்ரேமொலியும் முஸ்ஸீதாவும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஆங்கிலம் பேசுகிற விமர்சகர்கள் வாசிப்பைப் புகழ்ந்துவிட்டு உச்சரிப்பைக் குத்தினார்கள்.

இதே பாதையில் போன மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். வெனிஸ் பக்கத்து லே ஓர்மே குழுவின் 'ஃபெலோனா எ சொரோனா'வுக்கு வான் டெர் கிராஃபின் பீட்டர் ஹாமில் ஆங்கில வரிகள் எழுதிக் கொடுத்தார், ஆங்கில வடிவத்தைவிட இத்தாலிய வடிவத்தையே இன்றும் கேட்கிறார்கள். ரோமின் பாங்கோ தெல் மூத்துவோ சொக்கோர்சோவும் மான்டிகோர் வழியாக வெளியே போனது. அங்கே நிலைமை வேறு, அந்தக் குழுவில் ஃப்ரான்செஸ்கோ தி ஜாகொமோ என்ற அசல் பாடகர் இருந்தார், ஓபராவில் நிற்கக்கூடிய தொண்டை. அவர்களாலும் ஆங்கில உலகில் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ஆகவே பாடகர் மட்டும் இருந்திருந்தால் பிஎஃப்எம் ஜெயித்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. ஆங்கிலம் என்ற தடை எல்லோருக்கும் இருந்தது. பிஎஃப்எம்முக்கு அந்தத் தடையைக் குரலே இல்லாமல் தாண்டுகிற வழி கையிலேயே இருந்தது, அதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

ஜிவாஸ் வருகிறார், அமெரிக்கா

1973-இல் பியாட்சா விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் பாட்ரிக் ஜிவாஸ், பிரான்சின் நீஸில் பிறந்தவர், அதுவரை ஏரியா என்ற இத்தாலியக் குழுவில் அவர்களுடைய முதல் ஆல்பம் வரை வாசித்தவர். ஜாஸ் வாடை அடிக்கிற, நின்று நிதானிக்காத பேஸ். மறுபடியும் பாருங்கள், இடம் காலியானதும் முன்னைவிடப் பலமான வாசிப்பாளர். 1973 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரெடிங் விழாவில் வாசித்தார்கள். 1974-இல் 'லீசொலா தி நியெந்தே', அதன் ஆங்கில வடிவம் 'தி வேர்ல்ட் பிகேம் தி வேர்ல்ட்'. ஆங்கில ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு வேறு எதுவுமில்லை, நம்முடைய 'இம்ப்ரெஸ்ஸியோனி'யேதான். சரணங்கள் ஆங்கிலமாகிவிட்டன, பனிமூட்டமும் ஈரப் புல்லும் போய்விட்டன, பல்லவியை எவனும் தொட முடியவில்லை. அதில் மொழியே இல்லையே.

1974 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் பதிவு 'குக்', இத்தாலியில் 'லைவ் இன் யுஎஸ்ஏ'. ஆகஸ்டில் டொரண்டோவிலும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலும் பதிவானது. பில்போர்டில் 151 வரை ஏறியது, ஸ்டூடியோ ஆல்பத்தைவிட மேலே. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மேடையில் இவர்கள் பாட்டைக் குறைத்துக்கொண்டு வாசிப்பை அவிழ்த்துவிட்டார்கள். முஸ்ஸீதா ஒற்றைக் கிடாரோடு தனியே நீண்ட நேரம் வாசிக்கிறார், கூட்டம் அசையாமல் கேட்கிறது. 'ஆல்டா லோமா' என்ற நீண்ட துண்டு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ரொஸ்ஸீனியின் 'வில்லியம் டெல்' இசைக்குள் போய் விழுகிறது, பகானியின் வயலின் முன்னால் பறக்க. அமெரிக்கக் கூட்டத்துக்கு அது தொலைக்காட்சிக் கௌபாய் தொடரின் முகப்பு இசையாகத் தெரியும், இத்தாலியர்களுக்கு அது சொந்தச் சொத்து. கத்தல் காதைப் பிளக்கிறது. 'தோவே... க்வாந்தோ'வை அங்கே இத்தாலிய மொழியிலேயே பாடினார்கள், யாரும் எழுந்து போகவில்லை.

இந்தச் சமயத்தில் சொந்த நாட்டில் காற்று மாறிக்கொண்டிருந்தது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவதே முதலாளித்துவம் என்று சொல்லிக் கூட்டம் கதவை உடைத்து உள்ளே போகிற காலம். வெளிநாட்டுக் குழுக்கள் இத்தாலிக்கு வரவே யோசித்தன. அமெரிக்கா போய் வந்த இத்தாலியக் குழுவை அந்த இளைஞர்கள் சந்தேகத்தோடு பார்த்ததில் ஆச்சரியமில்லை. வருடத்தில் பாதியை வெளிநாட்டில் கழித்தவர்களுக்கு வீட்டில் நடந்த மாற்றம் தாமதமாகத்தான் உறைத்திருக்கும்.

1975-இல் கடைசியாக ஒரு முழுநேரப் பாடகரைச் சேர்த்தார்கள்: பார்மாவின் ஆக்வா ஃப்ராஜிலே குழுவிலிருந்து பெர்னார்தோ லான்ட்செத்தி. நல்ல ஆங்கிலம், ஜெனிசிஸின் பீட்டர் கேப்ரியலை நினைவூட்டும் கரகரத்த குரல். விமர்சகர்கள் குறை சொன்ன இடம் சரியாக அடைக்கப்பட்டது. அந்த ஆண்டு வந்த 'சாக்லேட் கிங்ஸ்' முழுக்க ஆங்கிலம், இத்தாலியில் விற்ற தட்டும் ஆங்கிலம்தான். அமெரிக்கக் கொடியைச் சுற்றிய சாக்லேட் கட்டி அட்டையில், அமெரிக்காவைக் கிண்டல் செய்கிற பாட்டு உள்ளே, அதை அமெரிக்காவிலேயே விற்கிற திட்டம். இசை தரம் குறையவில்லை, லான்ட்செத்தி நன்றாகவே பாடுகிறார். ஆனால் இப்போது பல்லவி வந்தால் பாடகர் பாடுகிறார், மற்ற எல்லாக் குழுவையும் போல. ஓரிரு வருடத்தில் பகானி விலகினார். அவர் பிறகு டெ அந்த்ரேயோடு சேர்ந்து செய்த வேலைக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: ஆங்கில ஆல்பங்கள் எளிதில் கிடைக்கின்றன என்று அங்கே தொடங்காதீர்கள். முதலில் 'பெர் உன் அமீகோ', அதற்கடுத்து முதல் ஆல்பம், பிறகு 'குக்'. 'ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்' கடைசியில் போதும், அதிலும் 'ஜெனெராலே!'யையும் 'மிஸ்டர் 9 டில் 5'-ஐயும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்.